கலை காணச் செல்லுதல்

கலையின்பம் செல்வர்க்கே உரியதென்று கருதுவாருளர். சென்னை மாணாக்கராகிய நமக்கு அக்கருத்துப் பொருந்தாது. 1931-ஆம் ஆண்டு முதல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்குமிடையே மின்சார ரயில் ஓடிவருகின்றது. அதிலேறி எழும்பூரில் இறங்கிச் சிறிது நடப்போமாயின், 1851-இல் நிறுவப்பெற்ற அரசினர் அருங்காட்சியகத்தை அடையலாம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறையாதலின், சனியும் ஞாயிறுமே நமக்கேற்ற நாட்கள்.

அங்குள்ள யாவற்றையும் ஒரே நாளில் காண முயல்வது, நூலைப் படியாது ஏடுகளை எண்ணிச் செல்வதை ஒக்கும். செப்புத்திருமேனிக் கூடம் ஒன்றே ஒரு பிற்பகலுக்குப் போதும். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்குளர். கோயிலில் பட்டும் மாலையும் திருமேனியை மூடியிருக்கும்; அன்பர்க்கு அதுவே அழகு. இங்கோ சிற்பியின் கைத்திறம் முழுதும் புலனாகின்றது.

இத்தகைய திருமேனிகளை வார்க்கும் முறையும் அறியத்தக்கது. முதலில் மெழுகினால் உருச்செய்து, அதன்மேல் மண் பூசிக் காய்ச்சுவர். மெழுகு உருகி வெளியேற, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணச்சை உடைத்தே உருவை எடுப்பர். ஓரச்சில் ஓருருவே பிறத்தலின், ஒன்று தொலையின் அதற்கு ஈடில்லை.

இவற்றைக் காக்கும் பொறுப்புக் காவலர்க்கு மட்டுமன்று, நமக்கும் உண்டு. கண்டறியாத பொருளுக்காகக் கவலுவார் யார்? ஆதலின், நண்பர்காள், வரும் சனிக்கிழமையே ரயிலேறுவோமாக.