கைக்குழந்தையின் ரத்தச் சீட்டில் பார்க்க வேண்டிய எண்

பிறந்து ஆறு மாதத்துக்குள் இரண்டு மூன்று முறை நிமோனியா. துடைத்தாலும் திரும்பத் திரும்ப வரும் வாய் வெண்படலம். நிற்காத பேதி, ஏறாத எடை. இப்படி ஒரு குழந்தை இருந்தால் வீட்டில் ‘சளி உடம்பு’ என்பார்கள், ‘மாந்தம்’ என்பார்கள். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் ஒன்று மாற்றி ஒன்று போகும். அதே வீட்டில் ஏற்கெனவே எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டும் இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள்.

மொத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையையும் லிம்போசைட் சதவீதத்தையும் கொண்டு லிம்போசைட்டின் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். 9,000 அணுக்களில் 12 சதவீதம் என்றால் 1,080. வளர்ந்தவருக்கு இது பயப்படும் எண் அல்ல. கைக்குழந்தைக்கோ மைக்ரோலிட்டருக்கு 3,000-க்குக் கீழே இறங்கினாலே எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். சீட்டில் பெரியவர்களுக்கான வரம்பு அச்சிடப்பட்டிருந்தால் இது கண்ணுக்குத் தப்பிவிடும். எண் சரியாக இருந்தும் அறிகுறிகள் தொடர்ந்தால், லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்களைத் தனியே எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனையைக் கேளுங்கள்.

சந்தேகிக்கப்படும் நோயை மருத்துவர்கள் ‘ஸ்கிட்’ என்பார்கள். எதிர்ப்பு அணுக்கள் வளர, சைட்டோகைன் என்னும் புரதங்கள் அவற்றுக்குத் தகவல் தர வேண்டும். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி அணுவின் மேற்பரப்பில் இருக்கிறது. சைட்டோகைன் வந்து ஒட்டியதும் ஏற்பியின் இழைகள் நெருங்குகின்றன. உள்முனையில் இருக்கும் ஜாக்-1, ஜாக்-3 என்னும் நொதிகள் விழித்துக்கொண்டு ஸ்டாட் புரதங்களைத் தூண்ட, அவை உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகின்றன. இன்டர்லூக்கின் 2, 4, 7, 9, 15, 21 ஆகிய ஆறு சைட்டோகைன்களுக்குமான ஏற்பிகளில் காமா இழை என்ற ஒரே பாகம் பொதுவானது. அது பழுதானால் ஆறும் வீண். இன்டர்லூக்கின்-7 கிடைக்காமல் டி செல்கள் உருவாவதில்லை. 15 கிடைக்காமல் என்.கே. செல்களும் இல்லை. பி செல்கள் இருந்தும் பயன் இல்லை.

அமெரிக்காவின் டேவிட் வெட்டர் இந்தக் குறையோடுதான் 1971-இல் பிறந்தான். கிருமியில்லாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்து, 1984-இல் இறந்தான். காமா இழையின் மரபணுதான் காரணம் என்று 1993-இல் தெரிந்தது.

அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் ஆண் குழந்தைகளையே பெரும்பாலும் தாக்கும். ஜாக்-3 பழுதானால் பெண் குழந்தைக்கும் அதே நோய்தான் வரும்; சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு கூடுதல்.

பிறந்ததும் தரும் பி.சி.ஜி. ஊசியிலும் போலியோ சொட்டு மருந்திலும் உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமிகள் உள்ளன. மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் அவை அவசியம், தவிர்க்கவே கூடாது. ஸ்கிட் குழந்தைக்கு மட்டும் அவையே நோயாகப் பரவக்கூடும். ஊசி போட்ட இடம் புண்ணாகிப் பரவினாலோ, அக்குளில் கட்டி பெருத்தாலோ உடனே காட்டுங்கள். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தானா என்று கேளுங்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்று இதைக் குணப்படுத்தும். தொற்று வருமுன், மூன்றரை மாதத்துக்குள் செய்தவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் பிழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஸ்கிட்டைக் கண்டறியும் பரிசோதனை 2018-க்குள் வந்துவிட்டது. இங்கே இன்னும் வரவில்லை. வந்தே ஆக வேண்டும்.

செலவுக்கு வழி உண்டு. 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் ஸ்கிட் முதல் பிரிவில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெறலாம். பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் நல மையமும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் அவற்றில் அடங்கும். இதற்கு வேண்டிய சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது மருத்துவ ஒழுக்க விதி.

முன்பு ஒரு குழந்தையைக் காரணம் தெரியாத தொற்றுக்குப் பறிகொடுத்த குடும்பம், அடுத்த கர்ப்பத்திலேயே அதை மருத்துவரிடம் சொல்லி மரபணு ஆலோசனை கேட்க வேண்டும். குழந்தை பிறந்தவுடன் டி செல் எண்ணிக்கை பார்த்து, முடிவு வரும் வரை பி.சி.ஜி.யை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.