தலையணையை எங்கே வைப்பது?

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. அங்கே நெய்யும் காஸ் துணியும் பேண்டேஜ் துணியும் எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. கட்டுத்துணிக்குப் பேர்போன வட்டாரத்தில், முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு வந்தவருக்கு வீக்கம் வடிய இறுக்கிக் கட்டினால் போதும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் முட்டியை மட்டும் இறுக்கினால் கணுக்காலும் பாதமும் வீங்கும். டாக்டர் கட்டச் சொன்னால், பாதத்தில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும்.

எலும்பு முனைகளைச் சீவிய பிறகே செயற்கை மூட்டைப் பொருத்துகிறார்கள். சீவிய இடத்தில் கசியும் ரத்தமும், காயம் ஆறும்போது ஊறும் நீரும் மூட்டில் தேங்குகின்றன. வீக்கம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும்; முழுக்க வடிய மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும்.

வலியைவிட நான் அஞ்சுவது இந்த நீர்க்கோர்வைக்குத்தான். 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல முட்டிகளுக்குள் உப்புநீரை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். 20, 30 மில்லி ஏறியதுமே தொடையின் உட்பக்கத் தசை தளர்ந்தது. அங்கே வெட்டுக்காயமே இல்லை. விரிந்த மூட்டுறை அனுப்பும் நரம்புச் செய்தி, தசைக்குப் போகும் கட்டளையை முதுகுத்தண்டிலேயே அடக்கிவிடுகிறது. "காலத் தூக்கவே முடியலையே" என்று ஆபரேஷன் ஆன அம்மா கலங்கினால், முயற்சி போதவில்லை என்று கடிந்துகொள்ளாதீர்கள்.

வீக்கம் வடிய, மல்லாந்து படுத்து, குதிகால் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி உயர்த்தி வையுங்கள். தலையணை குதிகாலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். முட்டிக்கு அடியில் வைத்தால் இதமாக இருக்கும். ஆனால் நாளடைவில் முட்டி மடங்கியபடியே நின்று, நீட்ட வராது. ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கலாம். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பு இரண்டும் இப்போது கூடாது. தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது. டாக்டர் தந்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முன்பே போட்டுக்கொண்டால் முட்டியை மடக்கத் தைரியம் வரும்.

நடையும் வேண்டும், அளவாக. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியை ஒரே மூச்சில் சுற்றிவர ஆசை வரும். சாயங்காலம் முட்டி கூடுதலாக வீங்கினால் நடந்தது அதிகம், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், காய்ச்சல், தையலில் சீழ் என எது வந்தாலும் விடியட்டும் என்று இராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.