நம்பியாரைத் திட்டிய நாள்கள்

பால் மரக் காட்டுக்கு நடுவே, தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பத்து பாகாட், யோங் பெங் பக்கத்துத் தோட்டங்களில் பாயும் சாக்கும் கொண்டுபோய் இடம் பிடித்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்வார்கள். அவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவார்! ஆனால் நம்பியார் வந்துவிட்டால், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே வசவுதான்.

அந்த வசவு நம்பியாருக்குத்தானா? கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

1964-இல் வந்த 'படகோட்டி'யில் இரண்டு மீனவக் கூட்டங்களை மோதவிட்டு நடுவில் லாபம் பார்ப்பவர் நம்பியார். நமக்குக் கடலும் தெரியாது, வலையும் தெரியாது. அந்தத் தந்திரம் மட்டும் நன்றாகத் தெரியும். இந்த லயத்துக்காரனிடம் அந்த லயத்துக்காரனைப் பற்றிக் கோள் மூட்டி, கூலி கேட்க ஒன்று சேரவிடாமல் செய்த தண்டல்களைப் பார்த்தவர்கள் அல்லவா நம் பெரியவர்கள்?

அடுத்த ஆண்டு 'எங்க வீட்டுப் பிள்ளை' வந்தது. பயந்த சுபாவமுள்ள ராமுவை நம்பியார் சவுக்கால் அடித்து அடக்கி வைத்திருப்பார். ராமுவின் சாயலில் வரும் இளங்கோ அதே சவுக்கைப் பிடுங்கித் திருப்பி அடிப்பான். அந்த இடத்தில் திடலே அதிரும்.

காரணம் இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். நிஜத்தில் பிடுங்க முடியாத சவுக்கு அது! திரையிலாவது கை மாறியதே என்று மகிழ்ந்தார்கள்.

பெண்களுக்கு வேறொரு கணக்கு. எம்.ஜி.ஆர். குடிக்க மாட்டார், கையில் புட்டி வைத்திருப்பவன் வில்லன். சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் புருஷனைத் தேடி நின்றவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

வேடிக்கை என்னவென்றால், 2008-இல் காலமான நம்பியார் நிஜ வாழ்வில் சைவம், மதுவைத் தொடாதவர், ஆண்டுதோறும் சபரிமலைக்குப் போன குருசாமி. இதைச் சொன்னால் எங்கள் லயத்துப் பாட்டி கடைசி வரை நம்பவே இல்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடியேறின. துரையும் தண்டலும் கண்ணில் படாத இடத்தில் வில்லன் யார்?

பழைய படங்களில் வில்லனுக்குப் பக்கத்தில் கைலி கட்டி, மரு வைத்துக்கொண்டு நிற்கும் அடியாளுக்குக் கபாலி என்று பெயர் வைப்பார்கள். 2016-இல் பா. இரஞ்சித் அந்தப் பெயரை ரஜினிகாந்துக்கே வைத்து, கோட்டும் சூட்டும் மாட்டி, நம் நாட்டிலேயே படம் எடுத்தார். கபாலி நம் தோட்டத்துப் பிள்ளை. கூலிக்காகப் போராடிப் பிறகு கும்பல் தலைவன் ஆனவன். அந்தக் கோட்டு, சைக்கிளை விட்டு இறங்காத அதே பிடிவாதம்தான் என்பேன். ஆனால் வில்லனைப் பாருங்கள். சீனத் தலைவன் டோனி லீயோடு கைகோத்து நிற்கும் வீரசேகரன் நம்மவன். அவர்கள் கும்பல் விற்பது போதைப்பொருள். இன்று ஒரு தாய், பள்ளி விட்டு வரும் மகனை எண்ணிப் பயப்படுவது இப்படிப்பட்டவனுக்குத்தானே?

எனக்கு உறுத்துவது வேறு. இங்கே நாயகன் கையிலும் துப்பாக்கி. தமிழ்நாட்டில் வெடிச் சத்தத்தோடு முடிந்த படம், மலேசியாவில் கபாலி போலீசில் சரணடைந்ததாகத் திரையில் எழுத்துப் போட்டு முடிந்தது. அதற்குள் பாதிப் பையன்கள் விசிலடித்தபடி வெளியே போய்விட்டார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அதை வாசித்தானா? கேட்டுப் பாருங்கள்.