சர்க்கரை வியாதிக்காரரை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போகும்போது

மாசி மகத்துக்கு முந்தின வாரம் ஸ்ரீமுஷ்ணத்தில் மளிகைக் கடைக்காரர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. பூவராகசுவாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படும் நாட்கள். அப்படி ஒரு நாளில், மூன்று வருடங்களுக்கு முன், காலை மாத்திரையைப் போட்டுக்கொண்ட என் அண்ணன் சரக்கு லாரி வந்துவிட்டதே என்று சாப்பிடாமலே கடைக்கு வந்துவிட்டார். மூட்டை எண்ணி, சிட்டை எழுதி முடிக்க மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. அப்போது ஒரு வாடிக்கையாளரிடம் துவரம்பருப்புக்கு உளுந்து விலையைச் சொன்னார். திருத்தினேன், என் மீது எரிந்து விழுந்தார். சட்டை முழுக்க வியர்வை. சற்று நேரத்தில் நாக்கு குழறி, கல்லா மேஜையிலேயே சாய்ந்தார்.

அன்று கடையில் ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டை நான்கு கிடந்தன. தலை சுற்றத் தொடங்கியபோதே தண்ணீரில் மூன்று ஸ்பூன் கரைத்துக் கொடுத்திருந்தால் பாதி ஆபத்து அங்கேயே தீர்ந்திருக்கும். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் காரில் கொண்டு போனோம். பெயர் வேண்டாம். வாசலில் முதல் கேள்வி, "குடிச்சிருக்காரா?" என்பதுதான். "எங்க அண்ணன் காபியே சர்க்கரை இல்லாமத்தான் குடிப்பாருங்க" என்றேன். அதன் பிறகும் விரலில் ஊசி குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கக் கால் மணி நேரம் ஆனது. 38 இருந்தது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "கடையை யார் பார்க்கிறது?" என்று கேட்டார். எல்லோருக்கும் சிரிப்பு. ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தவறு அங்கேதான் நடந்தது. அன்று இரவு ஒரு மணிக்கு அண்ணி எழுப்பினபோது அண்ணனுக்கு வெட்டி வெட்டி இழுத்துக் கொண்டிருந்தது.

இரண்டாவதாகப் போன பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்பது. பதில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. காலி அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். விடியற்காலையில் பையன் வீட்டிலிருந்து அட்டையைக் கொண்டு வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அது கிளிபென்கிளமைடு. கிளிமிபிரைடு உட்பட இந்த வகை மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டுபவை. அந்தத் தூண்டுதல் ஒரு நாள் முழுக்கக்கூட நீடிக்கும். சிறுநீரகம் பலவீனமானால் இன்னும் அதிகம். ஏற்றிய குளுக்கோஸோ ஓரிரு மணி நேரத்தில் கரைந்துவிடும். ஆகவே இவ்வகை மாத்திரை சாப்பிடுபவர் மயங்கி வந்தால், தெளிந்ததும் அனுப்பாமல் குறைந்தது ஒரு நாளாவது வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது மருத்துவ முறை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த ஆபத்து சாதாரணமாக இல்லை. மாத்திரையின் பெயரை வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்பதே முடிவாகிறது.

முதல் ஆஸ்பத்திரியில் யாரும் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களிடம் பதில் இல்லை. இரண்டு பக்கமும் குற்றம் உண்டு. ஆனால் கேட்க வேண்டியது அவர்கள் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அண்ணன் நான்காம் நாள் வீடு திரும்பினார். பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1989-ல் பரமானந்த கட்டாரா வழக்கில், உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு உடனே சிகிச்சை தருவது அரசு டாக்டர், தனியார் டாக்டர் எல்லோருக்குமே கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைவிட மனதில் நிற்பது ஹக்கீம் ஷேக் என்பவரின் வழக்கு. மேற்கு வங்காளத்தில் 1992 ஜூலை 8 அன்று மாலை மதுராபூர் ரயில் நிலையத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டவர் அவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை என்றார்கள். கல்கத்தாவில் அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்று விட்டு ஒன்றாக இரவு முழுக்க அலைந்தார்கள். ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். படுக்கை மட்டும் எங்கும் காலியில்லை. முடிவில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவர் சார்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் அமைப்பும் அவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1996 மே மாதத் தீர்ப்பில் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கிடைத்தது. அவசர சிகிச்சை மறுக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது, பணப் பற்றாக்குறையை அரசு சாக்காகச் சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். எங்கே படுக்கை காலி என்பதைத் தெரிந்துகொள்ள மையத் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2008-ல்.

காசு கொடுத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நம்மை எதிர்மனுதாரராக நிறுத்தும் அதே சட்டம்தான்! 1995 நவம்பர் 13 அன்று வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியமும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக வைத்தியம் செய்யும் இடம் மட்டும் இதில் வராது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.

எந்த மனுவும் காகிதம் இல்லாமல் நிற்காது. இது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் மருத்துவப் பதிவேட்டை நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் ஒப்புதல் வாங்குங்கள். நான் வாங்கினேன். மயங்கி வந்த நேரம், சர்க்கரை அளவு, ஏற்றிய மருந்து எல்லாம் அதில் இருந்தது. சாப்பிடும் மாத்திரை என்ற இடம் காலியாக இருந்தது.

வழக்குப் போடவில்லை. அண்ணன் வேண்டாம் என்றார். அந்தத் தாளின் நகலோடு அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தோம். அவர் சண்டைக்கு வரவில்லை. தாளை இரண்டு முறை படித்தார், வருத்தம் தெரிவித்தார். அதோடு விட்டது சரியா என்று எனக்கு இன்றும் தீர்மானமாகத் தெரியவில்லை.

நம் தொழிலில் உட்கார்ந்தே இருக்கிறோம், நேரம் தவறிச் சாப்பிடுகிறோம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி என்று கணக்கிட்டது. கடைத்தெருவில் நடந்தாலே அது தெரியும். இவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மாரடைப்பு வந்தால் நெஞ்சுவலி தெரியாமலே போகலாம். வெறும் வியர்வை, களைப்பு, வயிற்றைப் பிரட்டல். "கேஸ்" என்று ஊசி போட்டு அனுப்பப் பார்த்தால், இ.சி.ஜி. எடுங்கள் என்று கேட்க வேண்டும். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி எடுப்பதும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்வதும் வழக்கம். 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டன. விருத்தாசலத்துக்கோ சிதம்பரத்துக்கோ ஓடும் முன் அங்கே ஒரு நிமிடம் நிற்பது வீண் இல்லை.

நினைவுள்ளவருக்குத்தான் சர்க்கரைத் தண்ணீர். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐக் கூப்பிடுவதுதான் வழி.

எங்கள் கடையில் இப்போது கல்லாப்பெட்டி மூடியின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அண்ணனின் வியாதி எத்தனை வருடம், மாத்திரைகளின் பெயர், மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் அளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் போன் செய்வது, எல்லாம் அதில் உண்டு. அதன் நகல் அண்ணனின் சட்டைப் பையில் இருக்கிறது. மாத்திரை மாறினால் பேரேட்டில் அடித்து எழுதுவது போலப் பழையதை அடித்து, தேதி போட்டுப் புதியதை எழுதுகிறோம். கிளிபென்கிளமைடுதான் முதலில் அடிக்கப்பட்டது. கடைப் பையன்களுக்கும் சீட்டு இருக்கும் இடம் தெரியும். லாரி வந்தாலும் சரி, காலை எட்டரைக்கு அண்ணனுக்கு இட்லி வாங்கி வருவது அவர்களில் சின்னவனின் வேலை.