நாயின் உத்தியோகம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்கள் கட்டுமாவடியைத் தாண்டிச் சென்றால் மணமேல்குடியை அடைவார்கள். பாண்டியனுடைய மந்திரியாக இருந்து நாயன்மார் வரிசையில் இடம்பெற்ற குலச்சிறையார் பிறந்த ஊர் அது. இன்று அவ்வூர்க் கடைத்தெருவில், கண் நன்றாகத் தெரிகிறவர்களே சாலையைக் கடக்கச் சற்றுத் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் மீன் ஏற்றிவரும் லாரிகள் ஒருபுறம். சாலை ஓரத்தையே தங்கள் சொந்த நிலமாகப் பாவித்து நிறுத்தப்பட்டிருக்கும் மோட்டார் சைக்கிள்கள் மற்றொரு புறம். கண் தெரியாதவர் என்ன செய்வார்? பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வரையில் திண்ணையில் காத்திருப்பார். நம் ஊர்த் தெருக்களில் பார்வையற்றவர்களை நாம் அதிகமாகக் காண்பதில்லை என்றால், அவர்கள் தொகை குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களால் வெளியே வர முடியவில்லை என்பதே உண்மை.

அறுபத்துமூவரில் பிறவியிலேயே கண் தெரியாத ஒருவரும் இருக்கிறார். திருவாரூர்த் தண்டியடிகள்தாம் அவர். தூர்ந்துபோன திருக்குளத்தைத் தோண்ட அவர் கண்ட உபாயம் வெகு எளியது. குழியில் ஒரு தறி, கரையில் ஒரு தறி, இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டுவார். அதையே தடவிக்கொண்டு கரையேறிக் கொட்டுவார். அந்த வேலை பிடிக்காதவர்கள் மண்வெட்டியைப் பறித்ததோடு நில்லாமல் தறிகளையும் பிடுங்கி எறிந்தார்கள் என்று பெரியபுராணத்தில் காண்கிறோம். கண்ணில்லாதவன் பற்றி நடக்கும் பொருளில் பிறர் கைவைப்பது எவ்வளவு கொடுமை என்பதைச் சேக்கிழார் பெருமான் அறிந்திருந்தார்.

மேல்நாடுகள் பலவற்றில் இன்று அந்தக் கயிற்றின் ஸ்தானத்தை ஒரு நாய் வகிக்கிறது.

முதல் உலக மகா யுத்தத்தில் விஷவாயுவாலும் குண்டுகளாலும் கண்ணிழந்த ஜெர்மானியச் சிப்பாய்கள் அநேகர். அவர்களுக்காக 1916-ஆம் ஆண்டில் ஓல்டன்பர்க் என்னும் ஊரில் டாக்டர் ஸ்டாலிங் என்பவர் நாய்களைப் பழக்கும் பள்ளியொன்றை ஆரம்பித்தார். இத்தகைய பள்ளியைப் பற்றி டாரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்க அம்மையார் 1927-இல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். டென்னசி மாகாணத்து நாஷ்வில் நகரில் மாரிஸ் ஃபிராங்க் என்ற இளைஞர் அதைப் படிக்கக் கேட்டார். ஆறு வயதில் ஒரு கண்ணையும் பதினாறு வயதில் மறு கண்ணையும் இழந்தவர் அவர். ஸ்விட்ஸர்லாந்திலிருந்த அந்த அம்மையாரிடம் அவர் கப்பலேறிச் சென்றபோது, ஆளுக்கு ஆள் ஒப்படைக்கப்படும் பார்சலைப் போலவே கொண்டுபோகப்பட்டார். 1928 ஜூன் மாதம் நியூயார்க்கில் திரும்பி இறங்கியபோதோ, அவர் பக்கத்தில் 'பட்டி' என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய் இருந்தது. (அண்டை நாட்டு மலையாளத்தில் பட்டி என்றாலே நாய்தான், அமெரிக்கருக்கோ அச்சொல் தோழன் என்று பொருள்படும். இரண்டும் பொருத்தமே.) பத்திரிகை நிருபர்கள் பார்த்திருக்க, நகரத்தின் மிக அபாயகரமான வீதி ஒன்றை அவ்விருவரும் கடந்தார்கள். அம்மையாருக்கு அவர் அனுப்பிய தந்தியில் "வெற்றி" என்ற ஒரே வார்த்தைதான் இருந்தது.

அடுத்த ஆண்டே அவர்கள் இருவரும் அமெரிக்காவில் ஒரு பள்ளியை ஸ்தாபித்தார்கள். அப்பள்ளி நாயை இலவசமாகக் கொடுப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்தவற்றுக்கு 50 டாலர், யுத்த வீரர்களுக்கு ஒரே ஒரு டாலர் என்று ஏற்பாடு. ஆகும் செலவில் அது ஒரு துளியும் ஆகாது. ஆயினும், வாங்குகிறவர் தர்மம் பெற்றவராக அன்றி விலை கொடுத்தவராகத் தலைநிமிர்ந்து போக வேண்டும் என்பது கருத்து. சுயமரியாதை இன்னதென்று அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

அந்த நாய் செய்யும் வேலையைப் பற்றி நம்மவர் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. "தபாலாபீசுக்குப் போ" என்றால் எஜமானனை இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. வழி தெரிய வேண்டியது மனிதனுக்கு. எத்தனையாவது திருப்பம், எந்தப் பக்கம் என்பதை அவர்தான் மனத்தில் கணக்கிட்டு, "இடது", "வலது", "நேரே" என்று கட்டளையிடுகிறார். அவ்வழியில் பள்ளம், படி, கம்பம், கயிற்றுக் கட்டில் எது குறுக்கிட்டாலும் நின்று காட்டுவதோ விலகிச் செல்வதோதான் நாயின் வேலை. தனக்கு இடம் இருந்தால் போதாது. பக்கத்தில் வரும் மனிதனின் தோளுக்கும் தலைக்கும் இடமிருக்கிறதா என்று அது பார்த்தாக வேண்டும். கடை முன்னால் தாழக் கட்டிய தகரக் கூரையை வெள்ளைக் கோல் தொட்டறியாது; பழகிய நாய் அறியும்.

இன்னொரு பாடமும் அதற்கு உண்டு. எஜமானர் "நட" என்கிறார். எதிரே லாரி வருகிறது. அப்போது அது கட்டளையை மீறி நிற்க வேண்டும். அறிவோடு கூடிய கீழ்ப்படியாமை இது. இதே கடற்கரையில் வடகிழக்கே வேதாரணியத்தில் 1930-இல் உப்பு அள்ளியவர்களின் சந்ததியாருக்கு இதை அதிகமாக விளக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் குட்டியாயிருக்கும்போது ஒரு குடும்பத்தில் ஓராண்டுக்கு மேல் வளர்ந்து கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் பழக வேண்டும். பிறகு பள்ளியில் பல மாதப் பயிற்சி. அதன் பின் தனக்குரிய மனிதரோடு சில வாரங்கள். கைப்பிடியுள்ள தோல்வார் முதுகில் ஏறியதும் அது உத்தியோகஸ்தன். வீட்டுக்கு வந்து வாரைக் கழற்றிவிட்டால், பந்தைத் துரத்தும் சாதாரண நாய்தான்.

கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கலியாணத்துக்கு வரும் ஒருவர் இத்தகைய நாயோடு மணமேல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? முதலில் சிறுவர் கூட்டம் கூடும். ஒருவன் "ச்சூ, ச்சூ" என்று அழைப்பான். டீக்கடைக்காரர் நல்ல மனத்தோடு ஒரு பொறையை எடுத்துப் போடுவார். வேறொருவர் பரிதாபம் மேலிட்டு, வந்தவரின் கையைப் பற்றித் தரதரவென்று சாலையின் மறுபுறம் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவர் போக வேண்டியது அந்தப் பக்கமே அல்ல என்பது பிறகு தெரியவரும். ஒருவரும் கெட்டவர் அல்லர். ஆயினும் ஒரு கணம் நாயின் கவனம் பொறையின்மேல் திரும்புமானால், அந்தக் கணத்தில் அவருக்குக் கண் இல்லை.

ஆகையால் வாரணிந்த நாயை அழைக்கவோ, தடவவோ, அதற்கு உணவிடவோ கூடாது. தோல்வாரைப் பிடிக்கவே கூடாது. பேச்சை நாயிடம் அல்ல, மனிதரிடம் பேச வேண்டும். "ஐயா, உதவி வேண்டுமா?" என்று கேட்டு, வேண்டுமென்றால் நாய் இல்லாத பக்கம் நின்று நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ள விட வேண்டும். வேண்டாமென்றால் விலகிவிட வேண்டும். அதில் கோபித்துக்கொள்ள ஏதுமில்லை. நம் வீட்டு நாயைக் கட்டிப்போடுவதும் இதில் அடங்கும். நாயைத் தொடுவது தங்கள் ஆசாரத்துக்கோ மார்க்கத்துக்கோ ஒவ்வாது என்று கருதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதில் யாதொரு சங்கடமும் இல்லை. தொடாமல் இருப்பதுதானே இங்கே முதல் மரியாதை?

வாசற்படியில்தான் பெரிய வழக்கு எழுகிறது. சுவர்க்கத்துக்கு அழைக்க வந்த இந்திரன் நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறச் சொன்னான். தர்மபுத்திரர் கூட வந்த நாயை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். அந்தச் சம்வாதம் இன்றும் ஓட்டல் வாசல்களில் நடந்துகொண்டிருக்கிறது. மலேசியாவில் 2014-இல் ஸ்டீவன்ஸ் சான் என்ற பார்வையற்றவர் லஷான் என்ற நாயோடு புறப்பட்டபோது, அங்காடிகளில் அவர்களை உள்ளே விட மறுத்தார்கள். சிங்கப்பூரிலோ உணவுச்சாலைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் வழிகாட்டி நாய் வரலாம் என்று விதியே இருக்கிறது. நம் நாட்டிலும், பயிற்சி பெற்ற வழிகாட்டி நாயை விமானத்தினுள் உடன் அழைத்துச் செல்ல விமானத்துறை விதிகள் இடம் தருகின்றன. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, மாற்றுத்திறனாளிகளுக்கு உயிருள்ள துணைகளும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களைத் தடையின்றி அமைப்பதைக் கடமையாக்குகிறது. மணமேல்குடிச் சிற்றுண்டிச் சாலை முதலாளி இவற்றையெல்லாம் படித்திருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சட்டம் இருந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் எண்ண வேண்டாம். லண்டனில் வாழும் இந்திய வம்சத்தவரான டாக்டர் அமித் பட்டேல் 2013-இல் கண்ணிழந்தார். அதன் பிறகு கிகா என்ற லாப்ரடார் நாய் அவரை அழைத்துச் சென்றது. நெரிசல் மிகுந்த வேளைகளில் ஜனங்கள் கிகாவைப் பையாலும் குடையாலும் அடித்து ஒதுக்கினார்கள். இது அவருக்கு எப்படித் தெரியவந்தது? நாயின் தோல்வாரில் ஒரு சிறு காமிராவைப் பொருத்தி, வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பார்க்கச் சொன்னார்! அடி வாங்கிய நாய் குரைக்கவில்லை. வேலை நேரத்தில் குரைக்கக் கூடாது என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் இத்தகைய நாய்கள் மிக மிக அபூர்வம். செலவு ஒரு காரணம். நடைபாதையின்மை ஒரு காரணம். எல்லாவற்றிலும் பெரிய தடை தெருநாய்கள். நாலு தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் பயிற்சி பெற்ற நாயும் செயலற்றுப்போகும். நாய் என்றாலே வெறிநாய்க்கடியை நினைத்து நடுங்கும் ஜனங்களை நொந்துகொள்ளவும் முடியாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பெருமைப்பட நம்மிடம் ஜாதி நாய்கள் உண்டு. ஆனால் அவை வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தவை. முயலைக் கண்டதும் பாய்கிற நாயிடம் கைப்பிடியைக் கொடுக்க யார் துணிவார்கள்? இப்போதைக்கு நம்மவர்களுக்குத் துணை வெள்ளைக் கோலே. கோலைப் பிடித்து இழுக்காமலிருக்கவும், நடைபாதையில் வண்டியை நிறுத்தாமலிருக்கவும், கேட்டுவிட்டு உதவி செய்யவும் நாய் வந்து சேரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.

எட்டாண்டுகள் போல உழைத்த பின், வயது பத்தை நெருங்கும்போது இந்நாய்களுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். பென்ஷன் என்பது வீட்டுத் தாழ்வாரத்து வெயில்தான். மாரிஸ் ஃபிராங்கின் பட்டி 1938-இல் இறந்தது. அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் நடந்த நாய்கள் அனைத்துக்கும் அவர் பட்டி என்றே பெயர் வைத்தார்.