உங்களுக்குத் தெரியுமா? நிழலில் பூக்கும் கிழங்குகள்

★ மரத்தடியில் நட்ட சம்பங்கி இலையாகவே நிற்கிறதா? குறை கிழங்கில் இல்லை. மெக்சிகோவிலிருந்து வந்த சம்பங்கிக்கு நல்ல வெயில் வேண்டும். மழை பெய்த சில நாட்களில் மொட்டுவிடும் மழை லில்லியும் வெயில் விரும்பிதான். நிழலுக்குக் கிழங்கு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, ‘இதன் சொந்த இடம் வெட்டவெளியா, காடா?’ என்பதைத்தான்.

★ எல்லா நிழலும் ஒன்றல்ல. வேப்ப மரத்தடியில் வெளிச்சம் சல்லடையாக இறங்கும். இலையுதிர் காலத்தில் இன்னும் கூடும். மாமரத்தடி வருடம் முழுக்க அடர் நிழல். அங்கே மரத்தின் வேரோடும் போட்டி உண்டு. அதனால் மாமரத்தடிக்குத் தொட்டியே நல்லது.

★ நிழல் தோட்டத்துக்கு முதல் கிழங்கு எது என்று கேட்டால், மே மாத லில்லி என்றுதான் சொல்வேன். ‘ஃபுட்பால் லில்லி’ என்று நர்சரியில் கேட்டாலும் தருவார்கள். ஆப்பிரிக்காவில் மரநிழலில் தானாக வளரும் செடி இது. கோடை மழை விழுந்ததும் மண்ணிலிருந்து தண்டு எழும்பி, 200 வரை சிறு பூக்கள் சேர்ந்த செந்நிறப் பந்தாக விரியும். ஒரு கிழங்குக்கு வருடத்தில் ஒரே ஒரு பந்து. பிறகு மாதக்கணக்கில் இலை மட்டும். குளிர்காலத்தில் அதுவும் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தோண்டி எறிந்துவிடாதீர்கள், அது உறக்கம். அப்போது தண்ணீரை நிறுத்துங்கள். இடம் மாற்றினால் அந்த வருடம் பூக்காமலே போகலாம்.

★ வெள்ளைப் பூ வேண்டுமென்றால் அமேசான் லில்லி. கொலம்பியா, ஈக்வடார், பெரு நாடுகளின் மழைக்காடுகளைச் சேர்ந்தது. தலை கவிழ்ந்த, மணமுள்ள பூ. நேர் வெயில் பட்டால் இலை கருகிவிடும். தொட்டியில் கிழங்குகள் நெருங்கிக் கிடந்தால்தான் நன்றாகப் பூக்கும். சில வாரம் தண்ணீரைக் குறைத்து மறுபடி ஊற்றினால் மொட்டுக் கட்டும்.

★ கடலோரத்தில் தானாக வளரும் விஷமூங்கில் என்ற கிழங்குச் செடியும் அரைநிழலைப் பொறுத்துக்கொள்ளும். அதன் விதை கடல்நீரில் மிதந்து கரை சேர்ந்து முளைக்கும். பூ இரவில் மணம் வீசும். பெரிய செடி, இடம் தாராளமாக வேண்டும்.

★ நம் மாநில மலரான செங்காந்தளுக்குக் காலடியில் நிழல், தலையில் வெயில். புதருக்குள் முளைத்து, இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கிக்கொண்டு மேலே ஏறும். வேலியோரப் புதர் இருந்தால் அதன் அடியில் நடுங்கள்.

★ ஐரோப்பியக் காடுகளின் நீலமணிப் பூக்கள், மரங்கள் முழுதாய்த் தழைப்பதற்குள் பூத்து முடித்துவிடும். துலிப் கிழங்குக்கோ பூக்க வாரக்கணக்கில் கடுங்குளிர் தேவை. படத்தைப் பார்த்து மயங்கிச் சமவெளித் தோட்டத்துக்கு துலிப் வாங்குவது வீண்செலவு.

★ வெங்காயத்தைப் போலவே லில்லிக் கிழங்கின் அடுக்குகளும் உணவைச் சேமித்த இலைகள்தான். அந்தச் சேமிப்பிலிருந்துதான் அடுத்த வருடப் பூ வருகிறது. பூ உதிர்ந்ததும் பச்சை இலையை நறுக்கினால் அந்தப் பூவை இழப்பீர்கள்.

★ வாங்கும்போது கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கனமாக, கெட்டியாக இருக்க வேண்டும். அடிப்பக்கம் மெத்தென்றிருந்தால் அழுகல். பெரிய கிழங்குதான் நட்ட வருடமே பூக்கும். மண்ணில் மணலும் மக்கிய உரமும் கலந்து, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் மண் சீக்கிரம் காயாது. கிழங்குகள் வெயிலில் வாடிச் சாவதைவிட ஈரத்தில் அழுகிச் சாவதே அதிகம். மே மாத லில்லிக்கும் அமேசான் லில்லிக்கும் கழுத்து மண்மட்டத்தில் இருக்கட்டும்.

★ கறுப்பு உடலில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு புழு தென்பட்டால் அது லில்லிப் புழு. ஒரே இரவில் இலையை மொட்டையாக்கும். கையால் பொறுக்கி எடுப்பதே போதும்.

★ இவற்றில் பல கிழங்குகள் நஞ்சு. செங்காந்தள் கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் உயிரையே பறிக்கும். லில்லிக் கிழங்குகள் வெங்காயம் போலத் தோன்றுவதால் அவற்றைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது. குழந்தைகளும் நாய்க்குட்டியும் உள்ள வீடென்றால் எட்டாத இடத்தில் நடுங்கள்.

★ மே மாத லில்லிக் கிழங்கு தை, மாசியில் உறங்கிக்கொண்டிருக்கும். வாங்கி நட அதுவே சரியான நேரம்.