மங்கிய விளக்குக்கு மறுவாழ்வு

தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் புது ஹெட்லைட்டின் விலையைக் கேட்டு முகம் வாடும் கார்க்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு: பழையதையே தேய்த்துத் துலக்குவது. பழைய அம்பாசிடரின் கண்ணாடி விளக்குக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. இன்றைய விளக்கின் முகப்பு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புறஊதாக் கதிர்கள் மேற்பூச்சை அரிக்க, முகப்பு மஞ்சளாகிறது, வெளிச்சம் சிதறுகிறது. இரவில் சாலையைக் கடப்பவர் தாமதமாகத்தான் கண்ணில் படுகிறார்.

மெக்கானிக் சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் தெளித்து, 1000, 2000, 3000 எண் வாட்டர் பேப்பர்களால் வரிசையாகத் தேய்க்கிறார். பிறகு பாலிஷ். பற்பசையும் பளபளப்பைத் தரும், நிலைக்காது. தேய்ப்பில் பழைய பூச்சின் மிச்சமும் போய்விடுகிறது. புறஊதாவைத் தடுக்கும் புதுப்பூச்சு அடிக்காவிட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சள்தான். காசு கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பூச்சும் சேர்த்துத்தானே?